ஆற்றைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை

கொழும்பில் அலுவலகம் வைத்துச் சாகசச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சிவனொளிபாத மலைப் பக்கம் பிறக்கும் களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடி வந்து எங்கள் மட்டக்குளிப் பக்கம்தான் கடலில் விழுகிறது. கித்துல்கலவில் நீங்கள் நுரை பறக்கப் படகு விடுகிற அதே ஆறு, எங்கள் வீட்டை நெருங்கும்போது சோம்பிக் கிடக்கும். அது துள்ளுகிற இடத்தில் படகு வழிகாட்டியாக வேலை செய்யும் ஆசையில், இந்த ஆண்டு உங்களில் இருவரிடம் நேர்முகப் பரீட்சைக்கு வந்தேன். பெயர் எழுதப் போவதில்லை. வாசித்தால் உரியவர்களுக்கே தெரியும்.

முதலாமவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்து மணிக்கு வரச் சொல்லிப் பன்னிரண்டரைக்கு அழைத்தார்கள். ஆங்கிலம் பேச வைத்துப் பார்த்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். அம்மா இஸ்திரி போட்டுத் தந்த சேலையோடு போனவளை, தரையோடு தரையாகக் கிடந்த ஒரு பஞ்சுமூட்டையில் உட்காரச் சொன்னார்கள். எழும்ப நான் பட்ட பாட்டுக்கே மதிப்பெண் தந்திருக்கலாம். அலுமாரியின் மேல் ஒரு தலைக்கவசம். நாடிப்பட்டி அறுந்திருந்தது, உள்ளே பேனாக்கள். சுவரில் கயிறுகள் தொங்கின. முடிச்சுப் போடச் சொல்வார்கள் என்று நம்பினேன். எட்டு வடிவ முடிச்சை இரண்டு இரவு உடுப்புக் காயப்போடும் கொடியில் பழகியிருந்தேன்.

"நீங்கள் ஒரு மலையாக இருந்தால் எந்த மலை?" என்று கேட்டார் முகாமையாளர். சிவனொளிபாத மலை என்றேன். ஏன்? நான்கு மதத்தவரும் ஏறுவதால் வேலைக்குக் குறைவிராது என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அடுத்தது, "இரவில் முகாமில் தங்க வீட்டில் விடுவார்களா?" என்னோடு சேர்த்து அழைக்கப்பட்ட இளைஞரிடம் அந்தக் கேள்வி போகவில்லை. அவருக்கும் வீடு இருந்திருக்கும்.

படகிலிருந்து ஒருவர் விழுந்தால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. முதலுதவிச் சான்றிதழ் கோப்பில் முதல் தாளாகவே இருந்தது, புரட்டிப் போய்விட்டார்கள்.

பிறகு 'செயல்முறைத் தேர்வு'. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறி, அவிசாவளை வழியாகக் கித்துல்கல போய்ச் சேர்ந்தேன். கட்டணம் என்னுடையது. காற்றடித்த படகுகளைச் சுமப்பது, சோற்றுப் பார்சல் பரிமாறுவது, பொழுதுபடும்வரை உயிர்காப்பு அங்கிகளைக் கழுவிக் காயப்போடுவது. வந்திருந்தவர்கள் காசு கட்டி வந்த விருந்தினர்கள். கூலியில்லாத முழுநாள் வேலைக்குத் தேர்வு என்று பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

விருந்தினரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. பாதுகாப்பு விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழ் அரசகரும மொழியானது 1987இல். ஆற்றங்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் தலையாட்டியபோது அந்தக் குடும்பத்துத் தாயும் தலையாட்டினார். அருகில் போய், "விளங்கியதா அம்மா?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. மகன் பார்த்துக்கொள்வான்."

அவருடைய அங்கியின் நடுக் கொளுக்கி பூட்டப்படவேயில்லை. பூட்டிவிட்டுத் தோள்பட்டிகளைப் பிடித்து மேலே இழுத்தேன். அங்கி காதுவரை ஏறியது. பக்கப் பட்டிகளை இறுக்கி மறுபடி இழுத்தேன். அசையவில்லை. விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கல்லிடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, ஆறு போகும் திசைக்குக் காலை நீட்டி, கால்விரல்களை நீருக்கு மேலே வைத்திருங்கள் என்று தமிழில் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். மதிப்பெண் தாள் வைத்திருந்தவர் அந்நேரம் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நான் இரண்டு கேள்வி கேட்டேன். வழிகாட்டிகளுக்கு விபத்துக் காப்புறுதி உண்டா? ஊழியர் சேமலாப நிதி உண்டா? "நாட்சம்பளம்தானே, அதெல்லாம் கிடையாது" என்றார்கள். தற்காலிக ஊழியருக்கும் அந்த நிதி உரியது. ஊழியர் 8 சதவீதம் கட்ட, நீங்கள் 12 சதவீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. இது உங்கள் கணக்காளருக்குத் தெரியாததாக இராது. பதின்மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: என்னிடம் சாகச மனப்பான்மை போதாதாம்.

ஆள் எடுப்பது உங்கள் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வருகிறவரிடம் ஆற்றைப் பற்றிக் கேளுங்கள். மேலேயுள்ள மின்நிலையங்கள் நீரைத் திறந்துவிட்டால் கித்துல்கலவில் மட்டம் மாறும். அதை எதை வைத்துக் கண்டுகொள்வாய் என்று கேளுங்கள். கயிற்றைக் கையில் கொடுத்து எறியச் சொல்லுங்கள். வேலை வாங்கிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், அந்த நாளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

என் சனிக்கிழமைக்குரியதையும் அனுப்பலாம். பஸ் டிக்கெட்டுகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
மட்டக்குளியிலிருந்து ஒரு விண்ணப்பதாரி