கெர்னல் எழுதும் மாணவரிடம் அலைவரைபடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இயந்திரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு, இறுதியாண்டுத் திட்டமாகச் சொந்தமாக ஒரு ரியல்டைம் கெர்னல் (பல வேலைகளை உரிய நேரத்துக்குள் மாற்றி மாற்றி ஓட்டும் அடிப்படை மென்பொருள்) எழுதுவது நல்ல பயிற்சி. ஆனால் இரண்டு எல்இடி மாறி மாறி மின்னுவதைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. மோசமான நிலையிலும் இன்டரப்ட் (சிப்பின் கவனத்தை உடனே கேட்கும் சைகை) வந்து எத்தனை மைக்ரோவினாடிக்குள் அதற்குரிய டாஸ்க் (கெர்னல் ஓட்டும் தனி வேலை) ஓடத் தொடங்கும் என்று கேட்க வேண்டும்.

டாஸ்க் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. கார்டெக்ஸ் எம்4 சிப்பில் இன்டரப்ட் வந்ததும் எட்டு ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள் சேமிப்பிடங்கள்) ஹார்டுவேரே ஸ்டேக்கில் (டாஸ்கின் தற்காலிக நினைவகம்) போட்டுவிடும். ஆர்4 முதல் ஆர்11 வரை நாம் சேமிக்க வேண்டும். டாஸ்க் மாற்றத்துக்குப் பயன்படும் பெண்ட்எஸ்வி என்ற இன்டரப்டுக்கு ஆகக் கடைசி முன்னுரிமை கொடுத்து அதற்குள் மாற்றினால் சில பத்து வரி அசெம்பிளியில் வேலை முடிந்துவிடும். சிக்கல் தசமக் கணக்கில்தான். அந்தக் கணக்குக்கான பகுதியான எஃப்பியூவைத் தொட்ட டாஸ்குக்கு ஹார்டுவேர் ஒதுக்கும் இடம் 32 பைட்டிலிருந்து 104 பைட்டாகும். அதன் எஸ்16 முதல் எஸ்31 வரையான ரெஜிஸ்டர்களைச் சேமிப்பது நம் பொறுப்பு. இதை விட்டுவிட்டால் ஒரு டாஸ்கின் எண் இன்னொன்றின் பிஐடி கணக்கில் (மோட்டாரை இலக்கில் வைக்கும் கட்டுப்பாட்டுக் கணக்கு) கலந்து, மோட்டார் எப்போதாவது ஒருமுறை துள்ளும். மேசையில் சோதிக்கும்போது அது பெரும்பாலும் தலைகாட்டாது.

அடுத்தது இன்டரப்டை மூடிவைக்கும் நேரம். காத்திருக்கும் டாஸ்குகளின் பட்டியலை முழுக்க நடந்து முடிக்கும்வரை இன்டரப்டை மூடினால், டாஸ்க் கூடக் கூட அந்த நேரமும் நீளும். மோட்டார் அச்சின் சுழற்சியை அளக்கும் என்கோடர் 10 மைக்ரோவினாடிக்கு ஒரு பல்ஸ் அனுப்புகிறது, கெர்னல் 25 மைக்ரோவினாடி மூடியிருக்கிறது என்று வையுங்கள். காத்திருக்கும் இன்டரப்டைக் குறிக்கும் நிலுவை பிட் ஒரு பல்ஸை மட்டுமே நினைவில் வைக்கும். மற்றது தொலைந்தது, அச்சின் இடமும் பிசகியது. என்கோடரை டைமர் ஹார்டுவேரே எண்ணட்டும். தயாராக உள்ள டாஸ்குகளை முன்னுரிமைக்கு ஒரு பிட்டாக 32 பிட் வரைபடமாக வைத்தால், முன்னால் உள்ள பூஜ்யங்களை எண்ணும் சிஎல்இசட் கட்டளை ஒரே அடியில் உயர்ந்த முன்னுரிமை உள்ளதைக் காட்டிவிடும். முழு மூடலுக்குப் பதில், முன்னுரிமை குறைந்த இன்டரப்டுகளை மட்டும் மூடும் பேஸ்பிரை ரெஜிஸ்டர் போதும்.

சீரியல் போர்ட்டில் செய்தி அனுப்ப மாணவர்கள் விரும்பிப் போடும் பிரிண்ட்எஃப் வரியும் ஆபத்துதான். 115200 பாட் வேகத்தில் 40 எழுத்து போக ஏறத்தாழ 3.5 மில்லிவினாடி. 1 மில்லிவினாடிக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் அது காத்து நின்றால் மூன்று சுற்று போச்சு.

மியூடெக்ஸில் (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டு) முன்னுரிமை மரபேற்பு (பூட்டை வைத்திருக்கும் டாஸ்குக்கு, அதற்காகக் காத்திருக்கும் டாஸ்கின் உயர்ந்த முன்னுரிமையைத் தருவது) இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்பலாம். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அது வேலை செய்யாமல்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அந்த வசதி இருந்தும் அணைந்து கிடந்தது, பூமியிலிருந்து இயக்கிவிட்டார்கள்.

அளக்கும் முறை எளிது. வெளியிலிருந்து ஒரு துடிப்பால் இன்டரப்டைத் தூண்டுங்கள். டாஸ்கின் முதல் வரியில் சிப்பின் ஒரு பின்னை (வெளி இணைப்புக் கால்) உயர்த்துங்கள். சீரியல் போர்ட்டில் தரவைக் கொட்டியபடியே மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பைப் பழைய அலைகள் மறையாத பெர்சிஸ்டென்ஸ் முறையில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். துடிப்புக்கும் அந்தப் பின் உயர்வதற்கும் உள்ள ஆக நீண்ட இடைவெளிதான் விடை. சராசரி யாருக்கும் வேண்டாம். விரிவுரையாளர்கள் அந்தப் படத்தை அறிக்கையில் கட்டாயமாக்கலாம்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் கெர்னல் வழியாக இணைத்த எந்தத் திட்டத்துக்கும் தேர்ச்சி தரக் கூடாது. அது சேஃப்டி ரிலே வழியாக மோட்டார் மின்சாரத்தை நேரே வெட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டுப் பொறியாளர்,
பினாங்கு