கைவிடுவதானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

ரவுட்டர், ஸ்மார்ட் டிவி, கண்காணிப்புக் கேமரா, டிவி பெட்டி என்று வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும் சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் விற்கும் டிவியின் செட்டிங்ஸில் அடிமட்டம் வரை இறங்கிப் போனால் 'திறந்த மூல உரிமங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டிப் பார்த்தவர்கள் குறைவு. லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ், கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் என்று பெயர்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் யார் யாரோ எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்ட மென்பொருள்கள். அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் சாதனத்தில் மிஞ்சுவது ஒரு சிப், ஒரு பிளாஸ்டிக் கூடு, உங்கள் லோகோ. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன். ரொம்ப மிகை இல்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும்.

இலவசமாக எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதிவைத்தார்கள். விற்றுச் சம்பாதிக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. பதிலுக்கு லினக்ஸுக்கும் பிஸிபாக்ஸுக்கும் உரிய ஜிபிஎல் உரிமம் கேட்பது பணம் இல்லை. 1991இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பைத்தான் லினக்ஸ் கெர்னல் இன்றுவரை பின்பற்றுகிறது. நிரலை இயங்கும் வடிவில் ஒருவர் கையில் கொடுத்தால் அதன் மூலநிரலையும் (மனிதர் எழுதிய, படித்து மாற்றக்கூடிய வடிவத்தையும்) கொடு, அல்லது கேட்பவர் யாராக இருந்தாலும் தருவேன் என்று குறைந்தது 3 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் வாக்குறுதியை எழுத்தில் கொடு என்கிறது அது. 'மூலநிரல்' என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு கோப்பை நீட்டி ஏமாற்றவும் வழியில்லை. கம்பைல் செய்யவும் (மூலநிரலை இயங்கும் வடிவமாக மாற்றவும்) நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது.

இதை நடைமுறையில் பார்க்கலாமே என்று ஒருமுறை முயன்றேன். என் ரவுட்டரின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அந்த வாக்குறுதி இருந்தது. கொடுத்திருந்த முகவரிக்கு எழுதினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், எழுதினால் மற்றவர்கள் தப்பித்துக்கொண்டதாக நினைப்பீர்கள். முதலில் வந்த பதில், ரவுட்டரை அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்துப் போடச் சொன்னது. அப்புறம் பல வாரம் மௌனம். கடைசியில் ஒரு சுருக்கப்பட்ட கோப்பு வந்தது. உள்ளே இருந்த கெர்னல் வேறு ஒரு மாடலுக்கு உரியது, கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை. ஆனால் அந்த மெயில் முகவரிக்குப் புதிய மாடல்களின் விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது. 'விலக இங்கே சொடுக்கவும்' என்ற சுட்டியும் கம்பைல் ஆகாத ரகம்தான்.

உரிமத்தை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டர். அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டுதான் சிஸ்கோ லிங்க்சிஸ் நிறுவனத்தை வாங்கியிருந்தது. மூலநிரல் எங்கே என்று கேள்விகள் குவிய, வேறு வழியின்றி வெளியிட்டார்கள். அதை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருள். அந்தப் பெயரிலேயே அந்த ரவுட்டர் ஒளிந்திருக்கிறது.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். பிந்தைய பதிப்பில் நிறுவனம் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளத்துக்குப் போனது, நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தது. ஆனால் மாற்று ஃபர்ம்வேர் போட்டுப் பழகியவர்கள் விடுவதாக இல்லை. ஆகவே 2005இல், அவர்களுக்காகவே பழைய வன்பொருளோடு ஜிஎல் என்று ஒரு மாடலை வெளியிட்டார்கள். அது பத்தாண்டுகளுக்கு மேல் விற்றது. உங்கள் தொழிலில் எந்த ரவுட்டர் பத்தாண்டு விற்றிருக்கிறது, சொல்லுங்கள். அந்த நிறுவனமும் திருந்தி நல்லபிள்ளை ஆகிவிடவில்லை. பல லிங்க்சிஸ் சாதனங்களில் உரிமத்தை மீறியதாகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோமீது வழக்குப் போட்டது, 2009இல் சமரசமானது.

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் சொந்தச் சண்டை, சாதாரண வாடிக்கையாளருக்கு மூலநிரல் எதற்கு என்று கேட்பீர்கள். சரி, சாதாரண வாடிக்கையாளரின் பக்கமே வருகிறேன்.

அவர் வாங்கிய கேமராவுக்கோ ரவுட்டருக்கோ இரண்டு மூன்று ஆண்டில் அப்டேட் நின்றுவிடுகிறது. பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதனால் அவர் மாற்றுவதில்லை. மாற்றவும் வேண்டியதில்லை. இடையில் அதன் மென்பொருளில் ஓட்டைகள் தெரியவருகின்றன. அவற்றை அடைக்க உங்களுக்கு மனமில்லை, மற்றவர்கள் அடைக்க உங்கள் பூட்டு (நீங்கள் தராத மென்பொருளைச் சாதனம் ஏற்காதபடி செய்யும் ஏற்பாடு) விடுவதில்லை. உள்ளே நுழைய வருகிறவனுக்கோ மூலநிரலும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் நுழைந்தது. அதனிடம் இருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீங்கள் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் 60க்குச் சற்று அதிகமாக ஒரு பட்டியலில் இருந்தன. டெல்நெட் (தொலைவிலிருந்து சாதனத்துக்குள் நுழையும் பழைய முறை) வழியாக ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும், அவ்வளவுதான். சில சாதனங்களில் உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை. டெல்நெட்டுக்கான கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும்) சேவையை இந்தக் கேமராக்களும் டிவிஆர்களும் மூழ்கடித்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு சின்னத் தகவல்: உள்ளே நுழைந்ததும் கட்டளை வேலை செய்கிறதா என்று சோதிக்க மிராய் கூப்பிட்டது பிஸிபாக்ஸை. அதன் ஜிபிஎல் உரிமத்தை மீறினார்கள் என்றுதான் அமெரிக்காவில் 2007இலும், அப்புறம் 2009இல் ஒரே அடியாக 14 நிறுவனங்கள்மீதும் வழக்குகள் நடந்தன. பிஸிபாக்ஸ் உள்ளே இருப்பதை நுழைந்தவன் உடனே தெரிந்துகொண்டான். விற்றவர்களுக்குத்தான் நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

தாக்குதல் என்றால் தலைப்புச் செய்தி ஆகிவிடும். ஸ்பேம் அப்படி இல்லை, சத்தமில்லாமல் நடக்கும். தரவு மையங்களின் முகவரிகளிலிருந்து வரும் குப்பை மெயிலைத் தடுப்புப் பட்டியல்கள் சீக்கிரம் பிடித்துவிடுகின்றன. ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டின் ஐபி முகவரியில் அவ்வளவு சீக்கிரம் சந்தேகம் எழாது. ஆகவே ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் வேண்டும், அந்த வீடுகளின் கதவாக உங்கள் பெட்டி இருக்கிறது. 2018இல் ஒரே ஒரு சிப் நிறுவனத்தின் பழைய யுபிஎன்பி (வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று தானாகக் கண்டுகொள்ளும் வசதி) ஓட்டை வழியாக ஏறத்தாழ 1,00,000 ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றின் ஊடாகப் பெரிய மெயில் சேவைகளுக்குத் தொடர்பு போட்ட ஒரு கூட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. நோக்கம் ஸ்பேம் அனுப்புவது என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆதரவு முடிந்துபோன ரவுட்டர்களைக் குற்றவாளிகள் பிடித்து ப்ராக்ஸிகளாக (பிறர் தங்கள் முகவரியை மறைத்துக்கொள்ளும் இடைவழிகளாக) வாடகைக்கு விடுகிறார்கள் என்று எச்சரித்து, மாடல் பட்டியலும் கொடுத்தது. பழைய லிங்க்சிஸ் மாடல்கள் அதில் இருந்தன.

பெட்டியின் சொந்தக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் அனுப்பும் மெயில் திரும்பி வருகிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'நீங்கள் மனிதர்தானா' என்று படம் காட்டிப் பரீட்சை வைக்கிறார்கள், இணையம் மந்தமாக இருக்கிறது. அவர் உங்களுக்குப் போன் செய்தால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்கிறீர்கள்.

உதவி கேட்க முகவரி கிடைக்காமல் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இணையத்தில் தரவு பரிமாறப் பயன்படும் கர்ல் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பலமுறை வெளியில் சொல்லியிருக்கிறார். கர்லின் உரிமம் பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்க்கச் சொல்கிறது, அதில் அவருடைய மெயில் முகவரி இருக்கிறது. ஆகவே காரின் திரையில் கோளாறு என்றால் உரிமப் பக்கத்தில் கிடைத்த அந்த முகவரிக்கே மக்கள் எழுதுகிறார்கள். உங்கள் சாதனத்தில் கண்ணுக்குப் படும் ஒரே மனிதப் பெயர் அவருடையது. அந்த மெயில்களைப் படித்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

பாதுகாப்புக்கான அப்டேட்தான் நிற்கிறது, விளம்பரத்துக்கான அப்டேட் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கும்போது சுத்தமாக இருந்த டிவியின் முகப்புத் திரையில் பாதி இப்போது விளம்பரம். 2025இல் சாம்சங் அமெரிக்காவில் திரை வைத்த தன் ஃபிரிட்ஜ்களிலும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. விசியோ என்ற டிவி நிறுவனம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கேட்காமலே சேகரித்த விவகாரம் 2017இல் 22 லட்சம் டாலரில் முடிந்தது. கேட்காத ஒன்றை, விலக வழியில்லாமல், நாள்தோறும் ஒருவர் கண்முன் தள்ளினால் அது ஸ்பேம்தான். மெயில்பெட்டியில் வந்தால் என்ன, ஃபிரிட்ஜ் கதவில் வந்தால் என்ன? மெயிலில் வருவதைத் தடுக்கவாவது ஸ்பேம்அசாசின் போன்ற கட்டற்ற வடிகட்டிகள் உண்டு. உங்கள் டிவியில் அப்படி ஒன்றை நான் நிறுவ முடியாது, நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள்.

பூட்டுக்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். ரேடியோ விதிகள் (வைஃபை எந்த அலைவரிசையில், எவ்வளவு வலிமையில் ஒலிபரப்பலாம் என்பவை) என்பீர்கள். 2016இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்த விதிகளை மீறியதற்காக டிபி-லிங்க்குக்கு 2,00,000 டாலர் தண்டம் போட்டபோது, அந்தச் சமரசத்திலேயே வெளியார் ஃபர்ம்வேருக்கு இடம்தரும் வழியைத் தேடவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. விதியைக் காக்க எல்லாக் கதவையும் அடைக்க வேண்டியதில்லை. மூலநிரலைக் காட்டினால் திருடன் வருவான் என்பீர்கள். அதற்கு விடை மேலே மிராய் கதையிலேயே சொல்லிவிட்டேன்.

கையொப்பமில்லாத (நிறுவனத்தின் டிஜிட்டல் முத்திரை இல்லாத) ஃபர்ம்வேர் ஆபத்து என்று சொல்வதில் மட்டும் உண்மை இருக்கிறது. டிவோ என்ற டிவி நிகழ்ச்சிப் பதிவுப் பெட்டிகள் மூலநிரலைக் கொடுத்துவிட்டு, மாற்றிய நிரலை ஓட விடாமல் தடுத்தன. அதைப் பார்த்துத்தான் 2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டுச் சாதனங்களில் நிறுவத் தேவையான தகவலையும் கொடுக்கச் சொன்னது. ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வேண்டும் என்றார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேண்டாம் என்று கெர்னலை இரண்டாம் பதிப்பிலேயே வைத்துக்கொண்டார். இருவரில் யார் சரி என்ற வாதத்தை இங்கே தொடங்கினால் இந்த மடல் முடியாது. நீங்கள் அப்டேட் கொடுக்கும் வரை பூட்டுக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். அப்டேட்டை நிறுத்திய மறுநாள் அந்தப் பூட்டு யாரைக் காக்கிறது?

சட்டங்கள் மெதுவாக வந்துகொண்டிருக்கின்றன. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு விற்கக்கூடாது, எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று முன்பே சொல்ல வேண்டும் என்று பிரிட்டன் 2024 ஏப்ரலில் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்ற இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவு என்கிறது அது. நல்லது. ஆனால் ஐந்து முடிந்து ஆறாம் ஆண்டும் அந்த ரவுட்டர் மின்சாரத்தில்தான் இருக்கும்.

ஆகவே நான் கேட்பது இது. ஆதரவு முடியும் நாளைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். அந்த நாளில், வாங்கியவர் தன் சாதனத்தைத் திறந்துகொள்ளும் வழியையும், கம்பைல் ஆகும் முழு மூலநிரலையும் வெளியிடுங்கள். செய்ய முடியாத காரியம் இல்லை. 2016இல் மூடப்பட்ட பெபிள் என்ற ஸ்மார்ட் கடிகாரத்தின் இயங்குதளத்தை, கைமாறிக் கைமாறி அது வந்து சேர்ந்த கூகுள் 2025 ஜனவரியில் திறந்துவிட்டது. உடனே அதே மென்பொருளில் புதிய கடிகாரங்கள் செய்ய ஆளும் கிளம்பினார்கள்.

சிப் நிறுவனம் தன் டிரைவர்களின் (சிப்பை இயக்கும் நிரல்களின்) மூலநிரலைத் தருவதில்லை, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கடைசியில் சொல்வீர்கள். அதையும் நம்புகிறேன், உங்கள் எஸ்டிகேக்களைப் (சிப் நிறுவனம் தரும் மென்பொருள் தொகுப்புகளை) பார்த்திருக்கிறேன். லட்சக்கணக்கில் சிப் வாங்குகிறவர்கள் நீங்கள், ஒற்றைப் பெட்டி வாங்கும் நாங்கள் கேட்டால் அவர்கள் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். அடுத்த கொள்முதல் ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது, ஜிபிஎல் பகுதிகளின் முழு மூலநிரலும், ஆதரவு முடிந்தபின் மற்ற டிரைவர்களை வெளியிடும் அனுமதியும் தரவேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் எந்த நிறுவனம் மறுத்தது என்று வெளியில் சொல்லுங்கள். அப்புறம் எங்கள் மடல் அவர்கள் முகவரிக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் சாதனங்களைக் காசு கொடுத்து வாங்கியவன்