எங்கள் பையனுக்காக இன்னமும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு

வெக்ரவில்லுக்கு வடக்கே, ஆல்பர்ட்டா, கனடா
மார்ச் 1925

நம் வட்டாரத்து மக்கள் எல்லாருக்கும்,

துக்கம் நடந்த வீட்டாரும் நோயிலிருந்து மீண்டவர்களும் பத்திரிகையில் நாலு வரி நன்றி போடுவது இங்கே வழக்கம். எங்களுக்கு அந்த நாலு வரி போதவில்லை. எங்கள் மகனுக்கு வந்திருக்கும் நீரிழிவு குணமாகிற நோய் இல்லை. இன்று காலை ஊசி போட்டோம், சாயங்காலமும் போடுவோம், நாளைக்கும் போடுவோம். அவன் இருக்கும்வரை இது உண்டு. முதல் வாரத்தில் ஓடி வருகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். நீங்கள் நான்காவது வருஷத்திலும் வருகிறீர்கள். அதைப் பெயர் சொல்லாமலாவது ஊரறியச் சொல்ல வேண்டும் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்தோம்.

1921 அறுவடையின்போது தொடங்கியது. கதிரடிக்க வந்த ஆட்களுக்காக வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரைப் பையன் மொண்டு மொண்டு குடித்தான். ராத்திரி நாலைந்து தரம் எழுந்து வெளியே போனான். பெரியவர்கள் அளவுக்குச் சாப்பிட்டான், ஆனால் நாளுக்கு நாள் இளைத்தான். மூச்சில் பழம் அழுகிய வாடை வந்தது. மருத்துவர் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு முதல் நன்றி. அதோடு அவர் போய்விடவும் இல்லை. நியூயார்க்கில் டாக்டர் ஆலன் வகுத்திருந்த பட்டினி வைத்தியத்தை அடுப்படியில் நின்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். ரொட்டி ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, கஞ்சி ஆகாது. முட்டைக்கோஸைக்கூட மூன்று தரம் வேகவைத்து, மூன்று தரமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நூற்றறுபது ஏக்கரில் கோதுமை விளைகிற வீட்டில் பிள்ளைக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுக்க முடியாமல் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவை ஒத்திப்போடத்தான் அந்தப் பட்டினி, நோயைத் தீர்க்க அல்ல. ஆனால் ஒத்திப்போட்டதால்தான் அவன் இன்று இருக்கிறான்.

எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது தானியம் நிறுக்கிற தராசு. ஒருநாள் தெற்குப் பக்கத்து நிலத்து அம்மாள் துணியில் சுற்றி ஒரு சின்னப் பித்தளைத் தராசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 1919இல் இதே நோயில் போன அவருடைய மகளுக்காக வாங்கியது. அவர் பிள்ளைக்கு அந்தத் தராசு போதவில்லை என்று தெரிந்தும், என் பிள்ளைக்கு உதவட்டும் என்று எடுத்துவந்தார். அதில் எப்படி நிறுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். அம்மா, அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பையனுடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் உங்கள் மகளையும் நினைக்கிறோம்.

கிழக்கே இருக்கும் உக்ரேனியப் பாட்டிக்கு நம் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. பையன் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதை மட்டும் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஊறவைத்த முட்டைக்கோஸ், சதகுப்பை போட்ட வெள்ளரி ஊறுகாய், முட்டை என்று குளிர்காலம் முழுக்க வந்துகொண்டே இருந்தது. ஜனவரி 6ஆம் தேதி அவர்கள் கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்துக்குக் கூப்பிட்டபோது போகத் தயங்கினேன். தேனும் கசகசாவும் கலந்த கோதுமைப் பொங்கல்தான் அந்த விருந்தில் முதல் உணவு. போனால், பையன் உட்காரும் பக்கம் மீனும் காளானும் மட்டும் இருந்தன. அவனுக்கு எட்டாத மறுமுனையில் இனிப்பெல்லாம் இருந்தது. பேரப்பிள்ளைகள் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த பெரியவர்களை நான் மறக்க மாட்டேன்.

1922 வசந்தத்தில் மருத்துவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். டொராண்டோவில் ஜனவரி மாதம் 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் புதிதாக ஒரு சாற்றை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள், அவன் தேறிவிட்டான் என்றார். இன்சுலின் என்ற சொல்லை அன்றுதான் கேட்டோம். ஆனால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே நீண்ட காலம் போனது. மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கிற அந்த மருந்தை அதிக அளவில் செய்ய அவர்களே திணறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டில் பையன் எலும்பும் தோலுமானான். படுக்கையில் திரும்பிப் படுக்கவும் நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

டொராண்டோவில் இந்த மருந்தைக் கண்டுபிடித்த டாக்டர் பான்டிங்கும் பெஸ்டும் பேராசிரியர் மக்லியாடும் உலகம் அறிந்தவர்கள். நான்காமவரான டாக்டர் கொலிப்பை நம் மாகாணத்தார் அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் எட்மண்டன் பல்கலைக்கழகத்து ஆசிரியர் அவர். விடுப்பில் டொராண்டோ போயிருந்த இடத்தில், மனிதருக்குப் போடும் அளவுக்கு அந்தச் சாற்றைச் சுத்தம் செய்து கொடுத்தவர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் போனபோது, பான்டிங் தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும் மக்லியாட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்கும் கொடுத்தார்கள். பான்டிங்கும் பெஸ்டும் கொலிப்பும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு கோதுமை விலை பாதிக்கும் கீழே விழுந்த காலத்தில் அந்த ஒரு டாலரின் மதிப்பு எங்களைப் போன்ற குடும்பத்துக்குத்தான் தெரியும். இந்தப் பெரியவர்கள் நம் வட்டாரப் பத்திரிகையைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன். அந்த ஆராய்ச்சியில் உயிர்விட்ட நாய்களுக்கும் நன்றி எழுத வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டான். தன் நாயை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். அவன் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

1923 தொடக்கத்தில் எட்மண்டனுக்குக் கூப்பிட்டார்கள். ரயில் செலவுக்கும் தங்குகிற செலவுக்கும் விவசாயப் பெண்கள் சங்கத்தார் பள்ளிக்கூடத்தில் விருந்தும் நடனமும் வைத்துப் பணம் சேர்த்தார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் எங்களோடு வந்திருந்த நாளெல்லாம் எங்கள் மாடுகளைக் கறந்தது யார், கொட்டிலுக்கு வைக்கோல் போட்டது யார் என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பையன் தன் காலால் நடந்து வீட்டுக்குள் போனான்.

மருந்து கிடைத்துவிட்டால் போதும் என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்தச் சமவெளியில் அதைக் காப்பாற்றுவதே பாதி வேலை. வெயிலில் கெட்டுப்போகும், உறைந்தாலும் கெட்டுப்போகும். கோடையில் ஆற்றுப் பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து வைத்திருக்கும் பால் பண்ணைக்காரர், தம் பனிக்கட்டி அறையின் சாவி ஒன்றை எங்களிடமே கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் நிலவறையில் உருளைக்கிழங்குக் குவியலுக்கு நடுவே வைக்கிறோம். ஊசி முனை மழுங்கினால் ஊரில் சேணம் தைப்பவர் எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கொடுக்கிறார், ஒரு காசு வாங்குவதில்லை. சிறுநீரை நீலத் திரவத்தில் விட்டுக் காய்ச்சி, சர்க்கரை இருந்து நிறம் செங்கல்லாக மாறுகிறதா, நீலமாகவே நிற்கிறதா என்று பார்க்கவும், தொடையில் எந்த இடத்தில் குத்துவது என்று முடிவு செய்யவும் கற்றுக்கொடுத்த வட்டாரச் செவிலி, முதல் மாதத்தில் குதிரை வண்டியில் எத்தனை மைல் வந்து போனார் என்று அவர் குதிரைக்குத்தான் தெரியும்.

போன ஆண்டுப் பனிப்புயலைச் சொல்லாமல் முடிக்க முடியாது. புட்டியில் இரண்டு நாளுக்கு மட்டும் மருந்து இருந்தது. அடுத்த பொட்டலம் வந்த ரயில் வழியில் பனியில் சிக்கி நின்றுவிட்டது. தொலைபேசி நிலையத்துப் பெண் தாமாகவே எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் மணி அடித்து நிலைமையைச் சொன்னார். தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு போய், தள்ளுவண்டியில் பொட்டலத்தை நிலையம்வரை கொண்டுவந்தார்கள். அன்று குளிர் சுழியத்துக்குக் கீழே 40. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு, வடக்கு நிலத்தில் தனியாக வாழும் நார்வேக்காரர் புட்டியைச் சட்டைக்குள், வெறும் மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு குதிரையில் வந்தார். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு முதலில் புட்டியை எடுத்துக் கொடுத்தார், உறையவில்லை பாருங்கள் என்றார். அவர் காது மடலில் ஒரு பகுதி அந்தப் பயணத்தில் போயிற்று. அதைப் பற்றி யாரும் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார் என்பதால் நேரில் பேசுவதில்லை. இங்கே எழுந்து போக முடியாது ஐயா, நன்றியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மருந்து கூடிவிட்டால் அதுவும் ஆபத்து. திடீரென்று வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவான், கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பும். பள்ளி ஆசிரியை இதை ஒரு தடவைதான் கேட்டார். மேசை இழுப்பறையில் சர்க்கரைக் கட்டி வைத்திருக்கிறார், குளிர்கால நாட்களில் அவனை அடுப்புக்குப் பக்கத்தில் தம் கண்பார்வையில் உட்கார வைக்கிறார். வகுப்புப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பனிப்பந்து விளையாட்டின் நடுவே அவன் வெளுத்து நின்றதைப் பார்த்து ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்துவந்தது ஏழு வயதுச் சிறுமி. அவளுடைய பெற்றோருக்கு: உங்கள் மகளை நல்லபடி வளர்த்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்களுக்கென்று வேறு தராசு வாங்கிவிட்டோம். தெற்கு நிலத்து அம்மாளைக் கேட்டுக்கொண்டு, அவருடைய பித்தளைத் தராசை அடுத்த வீட்டுக்காக எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், தின்றும் இளைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வாந்திக்கும் மயக்கத்துக்கும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எங்களையும் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக்கென்று அடிக்கும் தொலைபேசி மணி இரண்டு நீளம், ஒரு குட்டை. ராத்திரியானாலும் எடுப்போம். ஊசி போடக் காட்டித்தர நானே வருவேன். வண்டி அனுப்ப வேண்டாம், எங்களிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
பையனின் தாயும் தந்தையும்