கைகூப்பாதவருக்கு மறுக்கப்பட்ட பதவி: சின்ன முதலாளிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சின்ன முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தந்தையார் காலத்திலிருந்து 26 பருவங்கள் நம் மாம்பழக்கூழ் ஆலையில் ஸ்டோர் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். ஆலையின் அலுவல் எல்லாம் தெலுங்கில் நடந்தாலும், நம் இருவர் வீட்டிலும் பேசுவது தமிழ்தான் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆலையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எங்கும் குறிப்பிடவில்லை.

பாய்லர் பார்க்கும் அந்த இளைஞருக்குச் சேர வேண்டிய ஷிப்ட் பொறுப்பாளர் பதவி, அவருக்கு மூன்று ஆண்டுகள் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூஜையில் அவர் கைகூப்புவதில்லை, குங்குமம் வாங்குவதில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் அன்று அலுவலகத்தில் பேசப்படவில்லை. "சாமி இல்லைன்னு சொல்றவன் கையில ஷிப்டைக் கொடுத்தா விளங்குமா?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் மறுக்கவில்லை. அதே அறையில் இருந்த நானும் மறுக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கின்றன என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் கடவுள் மறுப்பாளன் அல்லன். ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்கு நம் ஆந்திரத்து நகரியிலிருந்து எல்லையைத் தாண்டித் திருத்தணிக்குக் காவடியோடு நடந்தே போகிறவன். பருவத் தொடக்கத்தில் பாய்லருக்குக் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைக்கும்போது என் கண்கள் கலங்கும். அந்தப் பூஜையை நிறுத்த வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அதில் யார் கைகூப்பினார், யார் கைகூப்பவில்லை என்று பார்த்து, அந்தக் கணக்கைப் பதவி உயர்வுக் கோப்புக்குள் கொண்டுவந்ததுதான் தவறு.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நம் ஃபிட்டர் முஸ்லிம். ஆய்வகத்தில் இருக்கும் அம்மா கிறிஸ்தவர். அவர்களும் பூஜையின்போது ஒதுங்கித்தான் நிற்கிறார்கள், ஆனால் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவர்களுக்கென்று ஒரு சாமி உண்டு என்று நாம் சமாதானம் கொள்கிறோம். எந்தச் சாமியும் இல்லாதவர் அதே இடத்தில், அதே பணிவோடு நிற்கும்போது மட்டும், அவரிடம் நேர்மையும் இருக்காது என்று முடிவு கட்டுகிறோம். அப்படியானால் அடுத்த மதத்தவருக்கு நாம் இதுவரை காட்டியது மரியாதைதானா, அல்லது நம்மைப் போல எதையாவது கும்பிடுகிறார்கள் என்ற திருப்தியா என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்வதற்கு முன்னால் மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. என் காவடிக்கும் அவருடைய கூப்பாத கைகளுக்கும் பாதுகாப்பு அந்த ஒரே பிரிவில்தான் இருக்கிறது.

கேரளத்தில் 1985இல் மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் மதநம்பிக்கை காரணமாகப் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, முன்பு நம் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பக்தியுள்ள பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு பக்தி இல்லாதவருக்கும் உண்டு. நாசிக்கில் பிரார்த்தனையின்போது கைகூப்பாததால் ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் வழக்கில், அப்படிக் கட்டாயப்படுத்துவது அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2013இல் கூறியது. வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் 16ஆம் பிரிவு அரசுப் பணிக்கு மட்டுமே உரியது, தனியார் ஆலையைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் நான் இதைக் கேட்பது நீதிமன்றத்தில் அல்ல, உங்களிடம்.

நம் ஆந்திரத்தில் இது புதிதும் அல்ல. தாவரவியல் ஆசிரியரான கோரா, நாத்திகக் கருத்துகளுக்காக 1933இல் காக்கிநாடா கல்லூரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மச்சிலிப்பட்டினத்திலும் அதே காரணத்துக்காக வேலையை இழந்தார். அவருடைய பாடத்தில் யாரும் குறை கண்டதாக நான் எங்கும் படித்ததில்லை. நாள்தோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்திய காந்தியோ, 1944இல் அவரைத் தம் சேவாகிராம ஆசிரமத்துக்கு வரவழைத்து, நாத்திகம் பற்றியே பொறுமையாக உட்கார்ந்து பேசினார்.

பாய்லர் பார்க்க அரசுச் சான்றிதழ் வேண்டும்; அந்த இளைஞரிடம் அது இருக்கிறது. பெங்களூரா மாங்காய் குவிந்து, லாரிகள் வாசலில் இரவெல்லாம் காத்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், கேஜ் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர் அவர். ஒரு பருவத்தில் சேஃப்டி வால்வில் கோளாறு இருப்பதாகச் சொல்லி, மேலாளர் திட்டியும் கேட்காமல் நெருப்பைத் தணித்தார். பிறகு கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. புதிய வால்வுக்கான ரசீதை நான்தான் பதிவு செய்தேன்.

அவருடைய லாக் புத்தகங்கள் ஸ்டோரின் இரண்டாவது அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அவற்றையும் அந்தப் பதவி உயர்வுக் கோப்பையும் ஒருசேர எடுத்துப் படியுங்கள். நீங்கள் அழைத்தால், ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்கே வருகிறேன். பூஜை முடிந்ததும் அவரையும் அலுவலகத்துக்கு அழையுங்கள்; அன்று நான் பேசாமல் இருந்ததை அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஸ்டோர் கணக்கர்,
நகரி