கடைசி இரண்டு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் சமயத்தில் மதப் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே நாட்டுக்கு நல்லது என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோபத்தோடுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதப் பாதிக் கோபம் எங்கள் ஆட்கள் மேலேயே திரும்பிவிட்டது.

முதலில் உங்களோடு உள்ள வழக்கு. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பதற்கு 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே இருக்கிறது, 123(3) பிரிவு. அதன் எல்லை எதுவரை என்பதில் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளே நாலுக்கு மூன்று என்று பிரிந்து நின்றார்கள். சரி, ஓட்டுக் கேட்பது வேறு. கூலி பாக்கி, குடிதண்ணீர், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் என்று பிரசங்க பீடத்தில் பேசுவது வேறு. அதையும் நிறுத்து என்றால், எளியவனை ஒரு ஜோடுச் செருப்புக்கு விற்கிறார்கள் என்று கத்திய ஆமோஸ் தீர்க்கதரிசியை வேதாகமத்திலிருந்து கிழித்துவிட வேண்டியதுதான்.

இனி எங்கள் பக்கம். சில வருஷத்துக்கு முன் ஒரு தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். எஸ்தர் புத்தகம் நாலாம் அதிகாரத்தை எடுத்தார். “இப்படிப்பட்ட காலத்துக்கு உதவியாயிருக்கும்படி உனக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே” என்ற வசனத்தை மூன்று தரம் வாசித்து, இந்தத் தடவை எங்கள் தொகுதியில் யார் ஜெயிக்கவேண்டும் என்று கர்த்தர் தமக்கு வெளிப்படுத்தியதாகச் சொன்னார். கட்சிப் பெயர் மட்டும்தான் வரவில்லை. என் மனைவி அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டுக்கொண்டாள்.

நான் தமிழ் நடத்தியவன். வாக்கியத்தைப் பாதியில் வெட்டினால் எனக்குப் பொறுக்காது. அந்த வசனம் அங்கே முடியவில்லை. அடுத்த இரண்டு வார்த்தை, “யாருக்குத் தெரியும்”. எஸ்தர் பாரசீக ராஜாவுக்கு மனைவியான யூதப் பெண். அவளை வளர்த்த மொர்தெகாய் அவளுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்புகிறான். யூத ஜனம் முழுவதையும் அழிக்கத் தேதி குறித்தாகிவிட்டது. தன் ஜனத்துக்காக மன்றாட எஸ்தர் அழைப்பில்லாமல் அரண்மனை உள்முற்றத்துக்குப் போனால், ராஜா பொற்செங்கோலை நீட்டினால் ஒழிய உயிர் தப்பாது. அந்த நேரத்தில்கூட ‘கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்று அவன் சொல்லவில்லை. எபிரெய மூலத்தில் அந்தப் புத்தகம் முழுக்கக் கடவுளின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை என்பார்கள் படித்தவர்கள். எஸ்தரும் ‘ஜெயிப்பேன்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறாள், “நான் செத்தாலும் சாகிறேன்” என்கிறாள், போகிறாள். இதில் எங்கே இருக்கிறது தொகுதி முடிவு?

பழங்காலக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1949 மே மாதம், பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், சட்டமன்றங்களில் மதச் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் வேண்டாம் என்று அரசியல் நிர்ணய சபை முடிவெடுத்தது. சிறுபான்மையினர் துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர். சென்னை லயோலா கல்லூரியில் முதல்வராக இருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசௌசாவும் உறுப்பினர். இருவருமே விட்டுக்கொடுக்கும் பக்கம் நின்றார்கள். பெரும்பான்மையோர் நாளைக்கு எப்படி நடந்துகொள்வார்கள் என்று அவர்களுக்கு என்ன உத்தரவாதம் இருந்தது? ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷமே வந்த ஜனாதிபதி ஆணையில் பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு என்றானது. பிறகு சீக்கியர் 1956-இல் சேர்ந்தார்கள், பௌத்தர் 1990-இல். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான், தமிழ்நாட்டில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழோடு நிற்கிறார்கள். இது வேறு விவகாரம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டும் ஒன்றாகத்தான் பேசப்படும். முகர்ஜியும் டிசௌசாவும் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். என் தம்பி மகன் அவனுடைய சான்றிதழை எடுத்து நீட்டும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை.

பிரசங்கியார் சொன்ன ஆள் தோற்றுப்போனார். மறு ஞாயிறு அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மனைவி அந்தத் தேதியை ரப்பரால் அழித்தாள். வேதாகமத் தாள் மெல்லிசு, அச்செழுத்தும் கொஞ்சம் மங்கிவிட்டது.

அடுத்த தேர்தல் வந்தபோது, ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்த எங்கள் சேகரத்து ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) அவளே போய்க் கேட்டாள்: “யாருக்குப் போடலாம் ஐயரே?”

“எனக்கும் தெரியலம்மா. ஜெபம் பண்ணிட்டுத்தான் போவேன். ஆனா பட்டனை நான்தான அமுக்கணும்? தப்பாப் போட்டா அது என் தப்புதான், ஆண்டவர் மேல போட முடியாது” என்றார்.

வீடு வந்து சேரும்வரை, “ஐயருக்கே தெரியலையாம்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வாக்குப்பதிவு அன்று காலை ஏழு மணிக்கு நான் போய்ப் பார்த்தால், வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.