செயலாளரின் ஆண்டறிக்கை: சின்னக் கைகளுக்கும் சமையலறையில் வேலை உண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, மடியிலும் தரையிலுமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்விதான் இந்த ஆண்டின் போக்கையே மாற்றியது. அதுவரை நாம் இரண்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனியாக நடத்தி வந்தோம். பெரியவர்களுக்கு ஓர் அறையில் வீகன் சமையல் வகுப்பு, அதாவது இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராத சமையல்; பிள்ளைகளுக்கு அடுத்த அறையில் ஓவியமும் கைவேலையும். சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "அவங்க கையால தொடாத ஒண்ணை ஏன் வாயில வைக்கணும்?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. இரண்டு அறையையும் ஒன்றாக்குவது என்று அன்றே தீர்மானம் போட்டோம். சமையலில் பாதி வேலை பிள்ளைகளுக்கு, கைவேலைக்கு வேண்டிய பொருள் சமையலறையிலிருந்து. இப்படி 11 சந்திப்புகள் நடந்தன. ஒரு மாதம் பல வீடுகளில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்பதால் கூடவில்லை.

அவற்றில் கொண்டைக்கடலைத் தண்ணீரை நுரையாக அடித்த நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடலை வெந்த தண்ணீரை வழக்கமாகக் கீழே கொட்டிவிடுவோம். கடலையிலுள்ள புரதமும் மாவுச்சத்தும் வேகும்போது அதில் இறங்கிவிடுவதால், அடித்தால் முட்டையின் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும். இதை 2014இல் கண்டு சொன்னவர் ழோயல் ரோஸெல் என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர், இந்தத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் போதும், மெரிங் என்ற மொறுமொறுப்பான நுரை இனிப்பைச் செய்யலாம் என்று காட்டி, 'அக்வாஃபாபா' என்று பெயரும் வைத்தார். நமது சந்திப்பில் முதலில் எடுத்த பாத்திரத்தில் எவ்வளவு அடித்தும் ஒன்றும் எழவில்லை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. துளி எண்ணெய் இருந்தாலும் நுரை நிற்காது. வேறு பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி ஆரம்பித்தோம். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று விளிம்பில் மோவாயை வைத்தபடி நகராமல் நின்றது. மஞ்சளாகக் கலங்கியிருந்த தண்ணீர் முதலில் சோப்புக் குமிழியாகி, அப்புறம் வெளுத்து, கரண்டியைத் தூக்கினால் கூம்பாக நிற்கும் அளவுக்கு இறுகியது. "அத்தை, இது கடலையிலேயே ஒளிஞ்சிருந்ததா?" என்று என்னைக் கேட்டது. சர்க்கரை சேர்த்து, பிள்ளைகளே கரண்டியால் தட்டில் குட்டிக் குட்டி மலைகளாக வைத்தார்கள். 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் உலர வேண்டும். அந்த நேரம் முழுக்க, வெந்த கடலையை மசித்து, எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்துத் தொட்டுச் சாப்பிட ஒரு விழுது செய்தார்கள். கடலையே வேண்டாம் என்றிருந்த இரண்டு பிள்ளைகள் கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றதைப் பார்த்தோம்.

ஊதா முட்டைக்கோஸ் சந்திப்பும் அதே அளவு நிறைவு தந்தது. கோஸை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஊதாச் சாயம் இறங்கும். அதைத் தாளில் பூசிக் காயவைத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் தூரிகையை நனைத்து வரைந்தால் கோடு இளஞ்சிவப்பாகிறது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் வரைந்தால் நீலமும் பச்சையுமாகிறது. கோஸிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பைக் கண்டால் ஒரு நிறமும் சோடா போன்ற காரப்பொருளைக் கண்டால் வேறு நிறமும் காட்டுவதுதான் காரணம். மீதிக் கோஸை மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்து, எலுமிச்சைத் துண்டைப் பிழியச் சொன்னோம். தன் கண் முன்னால் நிறம் மாறிய கோஸை அநேகமாக எல்லோரும் வாயில் போட்டுப் பார்த்தார்கள்.

எந்த வயதுக்கு என்ன வேலை என்பதில் இந்த ஆண்டு நமக்குத் தெளிவு வந்திருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைகள் கீரை கிள்ளவும், காய்களைத் தண்ணீரில் அலசவும் கொள்ளை ஆசையோடு வருகிறார்கள். மூன்று வயதானால் வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசிக்கலாம், பட்டாணி உரிக்கலாம். நாலைந்து வயதில் மழுங்கிய கத்தியால் மென்மையான பழங்களை வெட்டலாம். முட்டைக்குப் பதிலாகப் பொடித்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குவது இந்த வயதுக்காரர்களின் நிரந்தர வேலையாகிவிட்டது. பத்து நிமிடத்தில் அது கொழகொழவென்று ஆவதைப் பார்க்க அவர்களுக்குச் சலிக்கவில்லை. அடுப்பும் மிக்ஸியும் கூரிய கத்தியும் பெரியவர்கள் பொறுப்பு, இதில் தளர்வே கிடையாது.

சந்திப்புகளில் "ஒரு வாய் சாப்பிடு" என்று யாரும் சொல்லக்கூடாது என்று நடுவில் ஒரு விதியும் வைத்தோம். சில பெற்றோருக்கு அது சிரமமாக இருந்தது. எனக்கும்தான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவை மறுப்பது குழந்தையின் இயல்பு. ஒரு காயை எட்டுப் பத்து முறை, சில நேரம் பதினைந்து முறைகூடத் தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்கிறார்கள். கழுவுவதும் முகர்வதும் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அச்சுக் குத்துவதும் பழகுவதில் சேர்த்திதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆறு சந்திப்புகள் பீட்ரூட்டைச் சாயத்துக்கு மட்டுமே பயன்படுத்திய ஒரு பையன், ஏழாவதில் தானாகவே ஒரு துண்டைக் கடித்தான். அவன் தாய் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஊட்டச்சத்துக்காக ஒரு முழுச் சந்திப்பை ஒதுக்கினோம். அதற்கு வராதவர்களுக்காக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பி12 வைட்டமினைச் செடிகள் தருவதில்லை, அதை உண்டாக்குவது நுண்ணுயிரிகள். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி, கடற்பாசி போன்றவற்றை இதற்கு நம்பவும் கூடாது. சத்து சேர்க்கப்பட்ட உணவோ மாத்திரையோ சொட்டு மருந்தோ கட்டாயம் வேண்டும். பாலூட்டும் வீகன் தாய்க்கு பி12 குறைந்தால் குழந்தையின் நரம்பு வளர்ச்சியே பாதிக்கப்படும். எவ்வளவு கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம். முதல் பிறந்தநாள்வரை குடிக்கும் பால் என்றால் தாய்ப்பால் அல்லது மருத்துவர் சொல்லும் குழந்தைப் பால்மாவுதான். சோயா பாலோ ஓட்ஸ் பாலோ அதற்கு ஈடாகாது. பருப்பு, கீரையோடு எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். குட்டி வயிறு நார்ச்சத்திலேயே நிரம்பிவிடும் என்பதால், அரைத்த கொட்டை விழுதும் எண்ணெயும் தாராளமாக வேண்டும். ஐந்து வயதுக்குள் முழுக் கொட்டை கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். முதல் சந்திப்பில் ஒவ்வாமை பற்றி நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று வந்திருந்தது. அதன் தகப்பனார் கவனித்துக் கேட்டதால் தப்பித்தோம். தவறு முழுக்க என்னுடையது. அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்த பிறகே பொருள் வாங்குகிறோம். இன்னொரு நாள், இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்று பிசைந்து பொம்மை செய்தபோது, ஒரு சின்னக் குழந்தை அதைக் கடிக்கப் போய்விட்டது. அவ்வளவு உப்பு உள்ளே போவது குழந்தைக்கு ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே இனி உப்பில்லாத சாதா மாவுதான். பச்சை ராஜ்மாவை ஒட்டிப் படம் செய்வதையும் அந்த வயதினருக்கு நிறுத்தி, காய்ந்த இலைகள் கொடுத்தோம். ராஜ்மாவைச் சமைப்பவர்களும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும்.

நவம்பர் 1, உலக வீகன் தினத்தன்று குடும்ப விருந்து நடந்தது. 'வீகன்' என்ற சொல் 1944இல் பிரிட்டனில் பிறந்த கதையைப் பெரிய பிள்ளைகள் சின்ன நாடகமாக நடித்தார்கள். பரிமாறியதும் அவர்களே.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு வைக்கும் யோசனைகள் இரண்டு. தாத்தா பாட்டிகளுக்கென்று தனிச் சந்திப்பு ஒன்று வேண்டும். பல வீடுகளில் பகலில் குழந்தைக்கு ஊட்டுவது அவர்கள்தான், பி12 பற்றி அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. அடுத்து, ஈரப் பஞ்சில் பயறு முளைக்கவைத்து, அதை வளர்த்துப் பறித்துச் சமைப்பதுவரை ஒரே பிள்ளைகள் தொடர்ந்து செய்யும் திட்டம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒவ்வொரு முறையும் கடைசிவரை இருந்து தரையைத் துடைத்துக் கொடுத்த தகப்பன்மார்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்