அட்டையில் 1500 என்று போட்டிருந்தால், எதில் 1500?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெடிக்கல் ஷாப் கவுன்டருக்குப் பின்னால் 31 வருஷம் நின்ற மருந்தாளுநர் நான். ஓய்வுபெற்ற பிறகும் தெருக்காரர்கள் மாத்திரை அட்டையோடு வீட்டுக்கு வந்து கேட்பது நிற்கவில்லை, அதில் பாதிப்பேர் கேட்பது முட்டிவலி பற்றித்தான். போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒரு பையில் இரண்டு சரக்கைக் கொண்டுவந்தார். ஒன்று இங்கே கடையில் வாங்கிய, மூட்டுத் தேய்மானத்துக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை அட்டை, இன்னொன்று மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெரிய டப்பா. "ரெண்டும் ஒண்ணுதானா தம்பி, எதைச் சாப்பிடட்டும்?" என்றார். இதே கேள்வியோடு பல வீடுகளில் மாதாமாதம் பணம் செலவாவதால் பதிலை உங்கள் வாசகர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டை. பாதியாகக் கத்தரித்துக் கொடுத்திருந்ததால் கம்பெனி வைத்த பெயர் இருந்த பக்கம் போய்விட்டது, மிச்சம் இருந்த பொடி எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. குளுக்கோசமைன் சல்பேட் பொட்டாசியம் குளோரைடு, 750 மில்லிகிராம், தினம் இரண்டு. டப்பாவில் இருந்தது குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு, நாளைக்கு 1500. சல்பேட், ஹைட்ரோகுளோரைடு என்பவை குளுக்கோசமைனின் இரண்டு வடிவங்கள். ஆக இரண்டும் 1500தான், ஆனால் அந்த 1500க்குள் உண்மையான குளுக்கோசமைன் எவ்வளவு என்பது வேறு வேறு.

சல்பேட் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும் சரக்கு, அதனால் அதை நிலைப்படுத்த சோடியம் குளோரைடையோ பொட்டாசியம் குளோரைடையோ சேர்ப்பார்கள், அந்த உப்பின் எடையும் அட்டையில் போடும் கணக்கில் சேர்ந்துவிடலாம். பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த சல்பேட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 59 பங்குதான் குளுக்கோசமைன், ஹைட்ரோகுளோரைடில் 83 பங்கு. அதாவது அட்டையில் உப்பையும் சேர்த்துத்தான் 1500 என்றால் உள்ளே போவது 890 மில்லிகிராம் அளவு, டப்பாவில் 1250 அளவு. ஐரோப்பாவில் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் படிக சல்பேட்டில் இந்தக் குழப்பமே இல்லை. மொத்த எடை 1884 மில்லிகிராம், அதில் சல்பேட் 1500, சோடியம் குளோரைடு 384 என்று பிரித்தே எழுதியிருப்பார்கள். நம் ஊர் அட்டைகளிலும் அப்படி எழுதச் சொல்வது பெரிய காரியமா?

அப்படியானால் ஹைட்ரோகுளோரைடுதான் நல்லதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க அரசின் பணத்தில் 1583 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. 24 வாரம் ஹைட்ரோகுளோரைடு 500 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள், மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேல் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு 60 பேருக்கு வலி குறைந்திருந்தது! "எனக்குக் கேட்டுதே" என்று யாராவது சொன்னால் நான் பொய் என்று சொல்வதில்லை, வலி குறைந்தது நிஜம், மாத்திரையால்தானா என்பதுதான் கேள்வி. சல்பேட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெல்ஜியம் ஆய்வு: 212 பேர், மூன்று வருஷம், தினம் 1500, வலியும் குறைந்தது, முட்டியில் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்குவதும் குறைந்தது. ஆனால் அதற்கு அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் உதவி இருந்தது. 2010இல் பத்து ஆய்வுகளை, 3803 பேரை ஒன்றாக எடைபோட்டுப் பார்த்தபோது நோயாளிக்கு உறைக்கிற அளவு பலன் தெரியவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் 2019இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே அழுத்திச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு சாரார் மட்டும் அந்தப் படிக சல்பேட்டை இன்னும் பரிந்துரைக்கிறார்கள்.

என் முடிவு இதுதான். சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் சல்பேட் 1500, உப்பு போக 1500, தினம் ஒரு தடவை, மூன்று மாதம். அதற்குள் மாடிப்படியில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மூட்டுக்கென்றே விற்கும் காண்ட்ராய்ட்டின், எம்எஸ்எம், டயசெரின் என்று நாலைந்தைச் சேர்த்து விலையை ஏற்றிய கூட்டு மாத்திரையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அதிலும் டயசெரின் பலருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். இதெல்லாம் மூட்டுத் தேய்மானத்துக்குத்தான். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரம் மடக்க முடியாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு இந்த மாத்திரையைத் தின்று மாதங்களைக் கழித்தால் மூட்டு கோணிப்போகலாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய வால்வு மாற்றியவர்கள் பலர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். குளுக்கோசமைன் சேர்ந்தால் அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். கடைக்கு வாடிக்கையாக வந்த ஒருவர் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று வந்தார், துருவித் துருவிக் கேட்டபிறகுதான் மருமகன் வாங்கித்தந்த முட்டிவலி டப்பா வெளியே வந்தது. "அது சத்து மாத்திரைதானே" என்று டாக்டரிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அப்புறம், இந்தச் சரக்கு பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. அவை ஒத்துக்கொள்ளாதவர்களும் சைவக்காரர்களும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், மக்காச்சோளத்தை நொதிக்கவைத்து எடுப்பதும் கிடைக்கிறது.

உப்பு எவ்வளவு, குளுக்கோசமைன் எவ்வளவு, எடுத்தது இறால், நண்டு ஓட்டிலிருந்தா மக்காச்சோளத்திலிருந்தா, வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு எச்சரிக்கை, இந்த நாலும் அட்டையில் தமிழிலேயே வர வேண்டும். அதுவரை உங்கள் மருத்துவப் பக்கத்திலாவது இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

அக்காவிடம் டப்பாவை மூடி வைக்கச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுக, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவதைச் செய்துகாட்டினேன், ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். உடம்பு எடையில் நாலைந்து கிலோ குறைந்தாலே முட்டிக்குப் பெரிய ஆறுதல் என்றும் சொன்னேன். இப்போது சமையலறைக் காலண்டரில் வலி அதிகமான நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவருகிறார். மூன்று மாதம் முடிந்ததும் அந்தக் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி.